ஓய்வு பெற்ற சொல்

அன்று காலை தூக்குமேடைக்கு வந்திருந்த சொல் ‘களப்பணி’.

கோயம்புத்தூரில் ஒரு சமூகப்பணிக் கல்லூரியின் கூட்ட அறையில் சொல்லாய்வுக் குழு கூடியிருந்தது. கேசரியும் காபியும் உள்ளே போயிருந்ததால் எல்லோரும் தெம்பாக இருந்தார்கள்.

“களம்னா என்னங்க? நெல்லடிக்கிற களம். அங்க யாரு கைகட்டி நின்னாங்க, யாரு கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தாங்கன்னு நமக்குத் தெரியாதா?” என்றார் ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர் சிவஞானம். “பிள்ளைங்க படிப்புக்காக ஜனங்களைப் பார்க்கப் போறதுக்கு அந்தப் பேரு எதுக்கு? ‘சமூகச் செயல்முறைப் பயிற்சி’ன்னு வைப்போம். யார் மனசும் நோகாது.”

பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனிதர் அவர். போன மாதம் ‘பயனாளி’யை அனுப்பி வைத்தார்கள், கையேந்தி நிற்கிறவர் என்ற வாடை அடிக்கிறதாம். அதற்கு முன்னால் ‘கேஸ்’. இப்படியே போனால் பாடப் புத்தகத்தில் முற்றுப்புள்ளிகள் மட்டும்தான் மிஞ்சும் என்று மாணவர்கள் பேசிச் சிரிப்பது குழுத் தலைவர் நிரோஷாவின் காதுக்கும் வந்திருந்தது.

நிரோஷா அந்தக் கல்லூரியில் துறைத் தலைவர். அதிர்ந்து பேசாதவர், எடுத்த காரியத்தை விடாதவர். மாநிலம் முழுக்கச் சமூகப்பணி மாணவர்களும் ஆசிரியர்களும் நல அலுவலர்களும் காதில் மாட்டியிருக்கும் ‘நன்மொழி’ என்ற கருவி அவருடைய யோசனையில் பிறந்ததுதான். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். ஒரு சொல் காதில் விழும்போது கேட்பவரின் நாடி எகிறுகிறதா என்று அது பார்க்கும். எகிறினால் அந்தச் சொல் குழுவுக்கு வரும். குழு தலையசைத்தால் சொல்லுக்கு ஓய்வு. அதன்பிறகு யார் அதைக் கருவி வழியாகச் சொன்னாலும், அறிக்கையில் எழுதினாலும், அந்த இடத்தில் நன்மொழி ஒரு புதுச் சொல்லைப் பொருத்திவிடும், அதுவும் பேசியவரின் குரலிலேயே. அரசாங்கத்துக்கு இது ரொம்பப் பிடித்துப்போய், போன வருடத்திலிருந்து அவசர உதவி மையமும் நன்மொழியின் அகராதியில்தான் ஓடுகிறது.

இதைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் நலத்திட்டத்துக்கு ஆள் கணக்கெடுக்க வந்த அதிகாரி, நிறைந்த வகுப்பில் ஒரு சிறுமியை எழுப்பி நிறுத்தி, அவள் அப்பா செத்த விதத்தைச் சொல்லி அடையாளம் காட்டியதை நேரில் பார்த்தவர்கள் கிண்டல் செய்யமாட்டார்கள். நிரோஷா பார்த்தவர். எங்கே, எப்போது என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

“அப்போ ‘களப்பணி’க்கு ஓய்வு குடுக்கலாங்களா?” என்று சிவஞானம் கேட்டபோது நிரோஷாவின் காதில் அழைப்பு வந்தது. இதழினி. முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக வாழும் முதியவர்களைச் சந்திக்கப் போயிருந்தாள்.

“மேடம், இங்க கழிவுநீர்ச் சேமிப்பு அமைப்புல ஒரு ஆழ்நிலைத் தூய்மைப் பணியாளர் இறங்கினாருங்க. இப்ப ஓய்வு நிலையில இருக்காருங்க. கூப்பிட்டா பதில் தர்ற மனநிலையில இல்லீங்க.”

“சரிம்மா, ஓய்வெடுக்கட்டும். நான் மீட்டிங்ல இருக்கேன், அப்புறமா...”

சொல்லும்போதே நிரோஷாவுக்கு உறைத்தது. சொற்கள் சாதுவாக இருந்தன, குரல் அப்படி இல்லை. அந்தப் பெண் கேவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் யாரோ ஒருவன், “மச்சான், மச்சான்” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

நிரோஷா கையைக் காட்டி மற்றவர்களின் பேச்சை அடக்கினார்.

“இதழினி, அழாம சொல்லு. அந்த ஆள் அசையறாரா?”

“இல்லீங்க மேடம். நான் வரும்போதே சத்தம் நின்னுபோச்சுன்னாங்க. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே ஒப்புதல் கேட்டு, சரியான சொல்லாப் பார்த்துப் போட்டு மையத்துக்குப் பதிவு பண்ணினேன். ‘பணியிட மனச்சோர்வு’ன்னு வகை பிரிச்சு, ஆலோசகர் ஒருத்தர் கிளம்பிட்டாருன்னு பதில் வந்திருக்குங்க.”

ஆலோசகர்! குழிக்குள் மூச்சு முட்டிக் கிடப்பவனுக்கு ஆறுதல் சொல்ல ஆள் வருகிறதாம்.

“பக்கத்துல கத்தறது யாரு?”

“அவரோட மச்சினன்ங்க, அபினேஷ். ரெண்டு பேரும்தான் வேலைக்கு வந்திருக்காங்க. நானே இறங்கித் தூக்கிட்டு வந்துடறேன்னு இடுப்புல கயிறு கட்டிட்டிருக்காருங்க.”

“ஐயோ, உள்ள விஷவாயு இருக்கு. இறங்கினா அவனும் செத்துடுவான்!” நிரோஷா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

 இதழினி தயங்கித் தயங்கிக் கேட்டாள். “என்னங்க மேடம்? காற்றுத் தரக் குறைவுன்னீங்களா? இறங்கினா அவருக்கும் வாழ்வு நிறைவு வாய்ப்புங்களா? எனக்குப் புரியலீங்க. இறங்கச் சொல்லட்டுமா, வேண்டாமா?”

‘காற்றுத் தரக் குறைவு.’ ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து, நாலைந்து சொற்களை அடித்து எழுதி, கடைசியில் நிரோஷாவே தேர்ந்தெடுத்த சொல் அது. அன்றைக்கு அவருக்கு அதன்மேல் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது தன்னையே கொன்றுபோடலாம் போலிருந்தது.

“அவன் காலைக் கட்டிப் பிடிச்சுக்கோ,” என்றார். “கீழ போனவன் மேல வரமாட்டான். விடவே விடாதே.”

அந்த வாக்கியத்தில் ஓய்வு பெற்ற சொல் ஒன்றுகூட இல்லை. அப்படியே போய்ச் சேர்ந்தது. மறுமுனையில் தள்ளுமுள்ளுச் சத்தம், கல்லில் ஏதோ உரசும் சத்தம். “விடுங்க அக்கா! அவர் எங்கக்கா புருசன்!” என்று ஒரு குரல். “மாட்டேன், மாட்டேன்” என்று இதழினியின் குரல்.

“அவன் போன்ல இருந்து என்னைக் கூப்பிடு,” என்று சொல்லிவிட்டு நிரோஷா காதுக் கருவியைக் கழற்றி மேசைமேல் போட்டார். அபினேஷின் பழைய போனில் நன்மொழி கிடையாது. அழைப்பு வந்ததும் ஒலிபெருக்கியில் போட்டார். 

“மேடம், பொணமாட்டம் மல்லாக்கக் கெடக்கறாருங்க. முகம் மட்டும் மேல தெரியுது. வாய்ல நுரை வருதுங்க. நாத்தத்துல எனக்கே தலை சுத்துது.” இப்போது வந்தவை இதழினியின் சொந்தச் சொற்கள்.

“குழி வாயிலிருந்து தள்ளி நில்லு. எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லு. ஒருத்தர் விழுந்தா, தூக்கப் போறவங்களும் வரிசையா விழுவாங்க இதழினி. அந்த வாயு அப்படி. இதுகூடவா உனக்குத் தெரியாது?”

“தெரியாதுங்க மேடம். எங்களுக்கு அதை நடத்தலீங்களே. இந்தக் குழியோட சொல்லுக்கு ஓய்வு குடுத்தப்ப அந்தப் பாடத்தையும் எடுத்துட்டாங்கன்னு சீனியர்ஸ் சொன்னாங்க.”

அவள் குத்திக்காட்டவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். எடுத்தது யார் என்று அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். சொல் போன பிறகு அந்தப் பாடத்துக்கு என்ன தலைப்பு வைப்பது என்று விளங்காமல், நிரோஷாதான் பக்கத்தின் குறுக்கே கோடு இழுத்தார்.

அவர் திரும்பினார். “ஜெரால்டு! மூச்சுக் கருவியோட மீட்பு வண்டி வேணும். இப்பவே வேணும்.”

ஜெரால்டு நன்மொழியைப் பராமரிக்கும் பொறியாளர். அதற்குள் மடிக்கணினியில் தலையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

“மேடம், மையத்துல கேக்கறதுக்கு ஆளே கிடையாதுங்க. வகைதான். எந்த வகையோ அதுக்குத் தகுந்த வண்டி. மூச்சுக் கருவி வண்டி இந்த மாதிரி சமாச்சாரத்துல ‘மலக்குழி விபத்து’ங்கற ஒரு வகைக்குத்தான் போகும். சொல்லுக்கு ஓய்வு குடுத்தப்ப வகையும் சேர்ந்து மூடிருச்சு.”

“திறங்க.”

“என் கையில இல்லீங்க. குழு தீர்மானம் போடணும், செயலகத்துல ஒப்புதல் வாங்கணும். ஓடினாலும் நாளைக்கு ஆயிரும்.”

மாவட்ட நல அலுவலர் சுகந்தி இதற்குள் தனக்குத் தெரிந்த தீயணைப்பு நிலைய அதிகாரியைப் போனில் பிடித்துவிட்டிருந்தார். பாவம், அந்த மனிதர் மறுக்கவில்லை. “பசங்களை இப்பவே ஏத்தி அனுப்பறேனுங்க. ஆனா சிலிண்டர் அறை மையத்தோட பதிவு எண் வந்தாத்தான் தொறக்கும்ங்க மேடம், பூட்டே அப்படித்தான். வெறுங்கையோட வந்து எங்க பசங்களும் உள்ள விழறதுங்களா? நீங்க எப்படியாச்சும் எண்ணை வாங்கிக் குடுங்க.”

வண்டி கிளம்பும் சைரன் சத்தம் போனில் கேட்டது. காற்றில்லாத வண்டி.

“ஒரு வழி இருக்குங்க,” என்றார் ஜெரால்டு, திரையிலிருந்து கண்ணெடுக்காமல். “உரியவர் விதி. நீங்க எழுதினதுதானே மேடம்.”

ஆமாம், அவர் எழுதியதுதான். ஒரு சொல்லால் வதைபட்டவர்கள் தங்களைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல்லைத் தடுக்க நமக்கு உரிமையில்லை என்று குழுவோடு சண்டை போட்டுச் சேர்த்த விதி. உரியவர் தன் வாயால், தன் அனுபவமாக, மையத்திடம் அந்தச் சொல்லைச் சொன்னால் நன்மொழி ஒதுங்கிக்கொள்ளும். சொல்லும் திரும்பி வரும், அதோடு மூடிய வகையும் திறக்கும்.

“அப்போ அந்தப் பையனைச் சொல்லச் சொல்லுங்க!” என்று சுகந்தி கத்தினார். “அவனைவிட உரியவன் யாரு?”

ஜெரால்டு அபினேஷின் போனை மையத்தோடு இணைத்தார். அபினேஷுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. “மலக்குழிங்க! மலக்குழிக்குள்ள எங்க மச்சான் கெடக்கறாருங்க! நானும் அதே வேலைதான் பாக்கறேன். யாராச்சும் வாங்களேன்!”

மையத்தின் குரல் தாய் பிள்ளையிடம் பேசுவதுபோல் இதமாக இருந்தது. “தங்கள் வருத்தத்தைப் புரிந்துகொள்கிறோம். தாங்கள் குறிப்பிடும் தொழில் சட்டப்படி தடை செய்யப்பட்டுவிட்டது. எனவே அதற்கு உரியவர்கள் எவரும் தற்போது இல்லை. ஆலோசகர் வந்துகொண்டிருக்கிறார்.”

“டேய்!” என்று அபினேஷ் அலறினான். 

சிவஞானத்தின் முகம் வெளுத்திருந்தது. “இவங்களே உரியவங்க இல்லேன்னா, அந்தச் சொல் வலிக்குதுன்னு நாம யாரோட வலியை அளந்தோம்?”

“கருவி மாட்டினவங்க வலியத்தானுங்க அய்யா,” என்றார் ஜெரால்டு. “மாணவர்கள், ஆசிரியர்கள், அதிகாரிங்க. கேக்கவே சங்கடமா இருந்துச்சு அவங்களுக்கு. குழியில இறங்கறவங்க காதுல கருவியை யாரு மாட்டிவிட்டா?”

பெரியவர் வாயை மூடிக்கொண்டார். அவர் பேச்சை நிறுத்தி அந்தக் குழு பார்த்தது அதுதான் முதல் தடவை.

“பழைய இறப்புப் பதிவுல இருக்கறவங்க மட்டும்தான் இப்ப உரியவங்க,” ஜெரால்டு வேகமாகப் படித்துக்கொண்டே சொன்னார். “தடைக்கு முன்னாடி குழியில இறந்தவங்களோட பிள்ளைங்க. அவங்கள்ல ஒருத்தரைத் தேடிப் பிடிச்சு, விஷயத்தைச் சொல்லி, பேச வைக்கணும். யாரைன்னு போய்த் தேடறது?”

மேசைமேல் இருந்த போனிலிருந்து இதழினி அழுதாள். “மேடம், என்னால இதுக்கு மேல பிடிக்க முடியலீங்க. இவரு என்னை இழுத்துட்டே போறாருங்க.”

அபினேஷ் கெஞ்சினான். “மேடம், யாருன்னு தெரியலீங்க, கும்பிட்டுக் கேக்கறேன். எங்கக்கா முகத்துல நான் எப்படிங்க முழிப்பேன்? மேல நின்னு வேடிக்கை பாத்தேன்னு சொல்லச் சொல்றீங்களா?”

நிரோஷா நின்ற இடத்திலேயே நின்றார். 

அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரிந்த நிரோஷா ஒரு லாரி டிரைவரின் மகள். அப்பா சேலம் பக்கம் விபத்தில் போய்விட்டார். கணவரிடம் சொன்னதும் அந்த லாரிக் கதைதான், மாமியார் வீட்டில் சொன்னதும் அதுதான். இத்தனை வருடத்தில் அந்த லாரிக்கு நிறம்கூட வந்துவிட்டது. மஞ்சள். குழுத் தலைவராகப் பொறுப்பேற்றபோது, இந்தச் சொற்கள் எதனாலும் நான் நேரடியாகப் பாதிக்கப்பட்டவள் அல்ல, நடுநிலையாக நடப்பேன் என்று உறுதிமொழி வேறு சொன்னார். வாயைத் திறந்தால் அந்தப் பதவி போகும். அது போகட்டும். மனிதர்களின் முகங்கள் மாறும். அதற்குத்தான் அவர் பயந்தார். நாலாம் வகுப்பில், தன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனதை அவர் உடம்பு இன்னும் மறக்கவில்லை. அந்த முகங்களிடமிருந்து தப்பிக்கத்தான் படித்தார், ஊரை மாற்றினார், கடைசியில் ஒரு சொல்லையே மொழியிலிருந்து எடுத்தார்.

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் கை நழுவும், இரண்டாவதாக ஒருவன் இறங்குவான், எல்லாம் தானாக முடிந்துவிடும்.

இப்படி நினைத்ததற்காக நிரோஷாவுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. காதுக் கருவியை எடுத்து மாட்டினார்.

“மையத்தைக் குடுங்க ஜெரால்டு.”

“எதுக்குங்க மேடம்?”

“குடுங்கன்னா குடுங்க.”

இணைப்பு வந்தது. நிரோஷா யாரையும் பார்க்காமல் மேசையில் காபி டம்ளர் விட்டிருந்த ஈர வட்டத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“என் பேர் நிரோஷா. அப்பா பேர் சின்னராசு. நான் நாலாங்கிளாஸ் படிக்கும்போது திருப்பூர்ல மலக்குழிக்குள்ள இறங்கி விஷவாயுல செத்துப்போனார்.”

“உரியவர் விதியின்கீழ் தாங்கள் கூறியது நிரந்தரமாகவும் அனைவரும் அறியும்படியும் பதிவாகும்,” என்றது மையம். “சம்மதம் எனில், இறந்தவருக்கும் தங்களுக்குமான உறவையும் அவர் செய்த தொழிலையும் தெளிவாகச் சொல்லவும்.”

அதை எழுதியதும் அவர்தான். யாரும் அவசரப்பட்டுத் தங்களை அம்பலப்படுத்திக்கொள்ளக் கூடாது, யோசிக்க ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் எழுதியது.

“மலம் அள்ளினார்,” என்றார் நிரோஷா. முதல் தடவை குரல் எழும்பவில்லை. அடுத்த தடவை, வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படிப் பேசும் குரலில் சொன்னார். “எங்கப்பா மலம் அள்ளினார். நான் அவர் மக.”

 ஜெரால்டின் திரையில் சின்னராசுவின் பழைய இறப்புப் பதிவு பச்சையாக மின்னியது.

“திறந்திருச்சு! வகை திறந்திருச்சு மேடம்! பதிவு எண் போயிருச்சு!” ஜெரால்டு கத்திக்கொண்டே எழுந்தார். சுகந்தியின் போனில் நிலைய அதிகாரி, “பூட்டு தொறந்துருச்சுங்க, ரெண்டாவது வண்டியில சிலிண்டரை ஏத்தறோம், முன்னாடி போன பசங்க குழி வாயைச் சுத்தி யாரையும் விடமாட்டாங்க,” என்று ஒரே மூச்சில் சொன்னார்.

நிரோஷா மேசைமேல் இருந்த போனிடம் குனிந்தார். “அபினேஷ், நான் சொல்றது கேக்குதா? வண்டி வருது. காத்தோட வருது. எங்கப்பாவைத் தூக்க எங்க சித்தப்பா இறங்கினாரு. அவரும் வரல. உங்கக்காவுக்கு நீயாச்சும் வேணும்டா.”

 மறுமுனையில் யாரோ மண்ணில் தொப்பென்று உட்காரும் சத்தம் கேட்டது. அதன்பிறகு ஒரு ஆண் குலுங்கி அழும் சத்தம்.

நிமிர்ந்தபோது எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஜெரால்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிவஞானம் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த சுகந்தி தன் நாற்காலியை நகர்த்தவில்லை. நகர்த்திவிடாமல் இருக்க அவர் பட்ட பாடு நிரோஷாவுக்குத் தெரிந்தது.

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ‘களப்பணி’யை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை.

அரசு மருத்துவமனைக்கு நிரோஷா போய்ச் சேர்ந்தபோது ரஞ்சித்தின் உயிர் போய்விட்டிருந்தது. குழிக்குள் கிடந்தவனின் பெயர் அதுதான் என்பதே அவருக்கு அங்கேதான் தெரிந்தது. மூச்சுக் கருவியோடு இறங்கி அவனை மேலே கொண்டுவந்துவிட்டார்கள், வரும் வழியில் நாடி நின்றுவிட்டது என்று வராந்தாவில் நின்ற இதழினி சொன்னாள். அவளுடைய முழங்கையெல்லாம் சிராய்ப்பு. “கொஞ்சம் முன்னாடியே நான் சரியாச் சொல்லியிருந்தேன்னா...” என்று ஆரம்பித்தாள்.

“நீ சரியாத்தான் சொன்னே,” என்றார் நிரோஷா. “நாங்க கேக்கவிடல.”

கைப்பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கணவர். செய்தி அதற்குள் போயிருக்கும். நிரோஷா எடுக்கவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அபினேஷ் கட்டிலில் படுத்திருந்தான். குழியின் வாயருகே நின்றதற்கே அவனுக்கு ஆக்ஸிஜன் வைக்க வேண்டியிருந்தது. கதவுக்கு இந்தப்பக்கம் பெஞ்சில் ரஞ்சித்தின் மனைவி சங்கவி. அழுது முடித்து, இனி என்ன என்று தெரியாத முகம். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி நின்றிருந்தாள். கையில் பாதி தின்ற பன்.

பதிவு அலுவலர் ஒருவர் கையடக்கக் கணினியோடு வந்தார். அலுத்துப்போன மனிதர், ஆனால் தன்மையானவர். “எப்படி நடந்துச்சுன்னு மட்டும் ஒரு வரி சொல்லிரும்மா. மத்ததை நான் போட்டுக்கறேன்.”

“கால் வழுக்கி விழுந்துட்டாருன்னு போட்டுக்குங்க சார்,” என்றாள் சங்கவி.

அலுவலர் தலையாட்டிவிட்டுத் தட்டத் தொடங்கினார். அவருக்கும் அது சுலபம். இதழினி பதறிப்போய் நிரோஷாவைப் பார்த்தாள். நிரோஷா அசையவில்லை. குறுக்கே பேச அவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சங்கவிதான் திரும்பினாள். “காலையில போன்ல பேசுனது நீங்கதானுங்களே? தம்பி சொன்னான். உங்க அப்பாவும் இப்படித்தான்னு, அந்தப் பழைய பதிவாலதான் வண்டி வந்துச்சுன்னு.”

“ஆமாம்மா.”

“என் புள்ளை நாளைக்கு ஸ்கூலுக்குப் போகணுங்க. அதான் கேக்கறேன். அந்தப் பேரோட நீங்க வளர்ந்தீங்களே. நல்லா இருந்தீங்களா?”

பொய் சொல்வது நிரோஷாவுக்குக் கைவந்த கலை. மஞ்சள் லாரியையே ஓட்டியவர். ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் முடியவில்லை.

“இல்லம்மா. நல்லா இல்ல. யாரும் பக்கத்துல உக்காரமாட்டாங்க. எங்கம்மா மேல எனக்கு அவ்வளவு கோபம். இறப்புப் பதிவுல ஒரு பொய்யைச் சொல்லிட்டுப் போயிருக்கலாமேன்னு. அவங்க சாகற வரைக்கும் முகம் குடுத்துப் பேசினதில்ல.”

“அப்புறம் அவங்க ஏனுங்க உண்மையச் சொன்னாங்க?”

நிரோஷா வாயைத் திறந்தார். இத்தனை வருடத்தில் அவர் அம்மாவிடம் கேட்காத கேள்வி அது. பார்வையைத் திருப்பினார். அது கண்ணாடிக் கதவில் போய் நின்றது. அந்தப்பக்கம் முகமூடிக்குள் ஆவி படிவதும் மறைவதுமாக அபினேஷ் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

சங்கவியும் அந்தப்பக்கம் பார்த்தாள். ரொம்ப நேரம் தம்பியையே பார்த்தாள்.

“சார்,” என்றாள். “நான் சொன்னதை அழிச்சிருங்க.”

அலுவலர் நிமிர்ந்தார். “நல்லா யோசிச்சுக்கம்மா. அப்படிப் போட்டா பிள்ளை பேரும் உரியவர்னு சேர்ந்து பதிவாகும். யார் கேட்டாலும் காட்டும். அப்புறம் எடுக்க முடியாது.”

வேண்டாம் என்று சொல்ல நிரோஷாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்லவில்லை.

சங்கவி மகளைத் தன் பக்கம் இழுத்து அவள் முகத்தை மடியில் புதைத்துக்கொண்டாள். பிறகு குழந்தையின் இரண்டு காதுகளையும் உள்ளங்கைகளால் இறுக்கப் பொத்தினாள்.

“மலக்குழிக்குள்ள இறங்கிச் செத்தாருன்னு போடுங்க,” என்றாள். “புள்ளை பேரு மேகனா.”